கம்பி வழியே போன கையெழுத்து
(தொலைநகல் கணினிக்குள் புகுந்த வரலாறு)



"பாதர் சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி." இந்த நாலு சொல்லை அறியாத பழைய குடும்பம் உண்டா? தந்தி என்று சேவகர் வாசலில் நின்றாலே போதும், வீட்டில் அழுகை தொடங்கிவிடும். வந்த செய்தி என்னவென்று தெரிய ஆபீஸ் கிராணியையோ, பள்ளி வாத்தியாரையோ தேடி ஓட வேண்டும். காரணம், செய்தி ஆங்கில எழுத்தில் இருக்கும். தமிழில் பேசி, தமிழில் கடிதம் எழுதி, தமிழிலேயே அழுகிற குடும்பத்துக்கு அவசரச் செய்தி மட்டும் வேற்று எழுத்தில்தான் வந்து சேர்ந்தது.

இதில் தந்தி ஆபீஸ்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. உலகெங்கும் தந்திக்குப் பயன்பட்ட மோர்ஸ் குறி, 'ஏ, பி, சி, டி' என்ற எழுத்துகளுக்கு ஏற்பட்டது. ஓர் எழுத்துக்கு இத்தனை புள்ளி, இத்தனை கோடு என்று கணக்கு. நம்முடைய 247 எழுத்துக்கும் அதில் இடமே இல்லை. தமிழ்ச் சொல்லையே அனுப்ப நினைத்தாலும் அதற்கு ஆங்கில எழுத்துச் சட்டையை மாட்டித்தான் அனுப்ப முடியும்.

சரி, எழுத்தை அனுப்ப வழியில்லை. எழுதிய தாளின் படத்தையே கம்பியில் அனுப்பிவிட்டால் என்ன? அப்படி அனுப்பினால் அது தமிழா, சீனமா, அரபியா, குழந்தை கிறுக்கிய கிறுக்கலா என்று கம்பி கேட்கப்போவதில்லை. இந்த ஒரு கேள்வியிலிருந்துதான் தொலைநகல், அதாவது நாம் பேச்சில் 'பேக்ஸ்' என்று சொல்லும் சாதனம், பிறந்தது. அந்தச் சாதனம் எப்படி வளர்ந்தது, மேசைக் கணினிக்குள் எப்படிப் புகுந்தது, நம் மொழிக்கு அதனால் என்ன கிடைத்தது என்பதைச் சற்றே பார்ப்போம், வாருங்கள்.

ஏழை வீட்டுப் பிள்ளையின் எண்ணம்

பேக்ஸ் என்றால் நேற்று வந்த நவீனம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. தொலைபேசி வந்தது 1876-இல். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, 1843-இல், தொலைநகலுக்கான காப்புரிமை லண்டனில் பதிவாகிவிட்டது!

அதைப் பதிவு செய்தவர் அலெக்சாண்டர் பெயின். ஸ்காட்லாந்தின் வடகோடியில், சிறு நிலத்தைக் குத்தகைக்கு உழுத ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் பெரிதாகப் பேர் எடுத்தவரும் இல்லை. கடிகாரம் செய்பவரிடம் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றார். மின்சாரத்தால் ஓடும் கடிகாரத்துக்கு 1841-இல் உரிமை பெற்றவரும் இவர்தான்.

கடிகாரக்காரர் அல்லவா? ஊசல் ஆடுவதைப் பார்த்தே அவருக்கு யோசனை பிறந்தது. கம்பியின் இரண்டு முனையிலும் இரண்டு ஊசல். இரண்டும் ஒரே தாளத்தில் ஆட வேண்டும். இந்த முனையில் உள்ள ஊசலின் முள், மேடாக நிற்கும் உலோக எழுத்தைத் தொடும்போது மின்சாரம் ஓடும். அந்த முனையில் மருந்து தோய்த்த தாளில் அதே இடத்தில் கறை விழும். ஒரு வரி முடிந்ததும் சற்றுக் கீழே இறங்கி அடுத்த வரி. இப்படி வரி வரியாகப் போனால் இங்குள்ள உருவம் அங்கே வந்துவிடும்.

தோட்டத்து மக்களுக்கு இது புரியாத வித்தையா? பால்மரம் வெட்டுகிறவர் காட்டுக்குள் கண்டபடி ஓடுவதில்லை. நிரை பிடித்து, ஒரு மரம் விடாமல் வெட்டி, அந்த நிரை முடிந்த பிறகே அடுத்த நிரைக்குப் போகிறார். தொலைநகலும் ஒரு தாளை அப்படித்தான் வாசிக்கிறது. பெயின் அன்று சொன்ன இந்த 'நிரை பிடிக்கும்' முறை 180 ஆண்டுகள் கழிந்தும் மாறவில்லை.

பெயினின் எண்ணத்தைப் பொதுமக்கள் காசு கொடுத்துப் பயன்படுத்தும் சேவையாக்கியவர் இத்தாலியில் பிறந்த கசெல்லி என்ற பாதிரியார். அவருடைய எந்திரம் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரம், வார்ப்பிரும்பால் ஆனது. 1865-இல் பிரான்சு நாட்டில் பாரிசுக்கும் லியோனுக்கும் இடையே அந்தச் சேவை தொடங்கியது. உலோகத் தகட்டில் மையால் எழுதிக் கொடுத்தால் அதே கையெழுத்து மறு ஊரில் இறங்கும். அதை அதிகம் நாடியவர்கள் யார் தெரியுமா? வங்கிக்காரர்கள்! பணம் கொடுக்கும் முன் 'இது அவர் போட்ட கையெழுத்துத்தானா?' என்று ஒத்துப் பார்க்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்தச் சேவை நின்றது. எண்ணம் நல்லதுதான், அதைத் தாங்கும் கருவி இன்னும் பிறக்கவில்லை.

செய்தித்தாளும் ஜப்பானும்

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் ஒளியை மின்சாரமாக மாற்றும் வித்தை கைவந்தது. அதனால் உலோகத் தகடு தேவையில்லாமல் போயிற்று. சாதாரணப் படத்தின் கருப்பையும் வெளுப்பையும் ஒளியாலேயே வாசிக்க முடிந்தது. ஜெர்மனியில் ஆர்தர் கோர்ன் என்ற அறிஞர் இம்முறையில் நிழற்படங்களைக் கம்பியில் அனுப்பினார். அமெரிக்காவில் அசோசியேட்டட் பிரஸ் நிறுவனம் 1935 ஜனவரி முதல் நாள் தன் கம்பிப்படச் சேவையைத் தொடங்கியது. அன்று முதல் தொலைதூரத்தில் நடந்த விபத்தின் படம் மறுநாள் பத்திரிகையிலேயே வர ஆரம்பித்தது.

அதற்கும் முன்பே, 1928-இல், ஜப்பானியப் பேரரசரின் முடிசூட்டு விழாப் படங்கள் கியோட்டோவிலிருந்து தோக்கியோவுக்குக் கம்பியில் சென்றன. அந்தக் கருவியை உருவாக்கியவர் நிவா யசுஜிரோ என்ற ஜப்பானியப் பொறியாளர்.

ஜப்பானியர் இதில் இத்தனை அக்கறை காட்டியது ஏன்? அவர்கள் சங்கடமும் நம் சங்கடமும் ஒன்றுதான். பள்ளிப் பிள்ளைகளே 2000-க்கு மேற்பட்ட சித்திர எழுத்துகளைக் கற்க வேண்டிய மொழி அது. தட்டச்சுப் பொறியில் அத்தனை எழுத்தையும் எங்கே அடைப்பது? கையால் எழுதுவதே அவர்களுக்கு எளிது. எழுதியதை அப்படியே அனுப்பும் கருவி ஒன்று வந்தால் அதை விடுவார்களா? 1972-இல் அங்கே தொலைபேசிக் கம்பிகளில் வேறு கருவிகளை மாட்டவும் அனுமதி கிடைத்தது. பிறகு ஜப்பானியத் தொழிற்சாலைகளிலிருந்து தொலைநகல் எந்திரங்கள் உலகமெங்கும் கப்பலேறின. ஒரு மொழியின் தேவை, உலகத்துக்கே ஒரு தொழிலைக் கொடுத்தது என்றால் மிகையாகாது.

அமெரிக்காவிலும் வழி திறந்தது. 1966-இல் செராக்ஸ் நிறுவனம் மேசைமேல் வைக்கும் எந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதன் எடை சுமார் 21 கிலோ. ஒரு பக்கம் போக ஏறக்குறைய 6 நிமிடம். 1968-இல், தொலைபேசி நிறுவனம் தராத கருவியையும் தொலைபேசிக் கம்பியில் இணைக்கலாம் என்று அந்நாட்டுத் தொடர்பு ஆணையம் தீர்ப்பு வழங்கியது. இந்தத் தீர்ப்பு வந்திருக்காவிட்டால் பிற்காலத்தில் கணினியைத் தொலைபேசியில் மாட்டுவதும் சுலபமாக நடந்திருக்காது.

எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே பாஷை

எந்திரம் இருந்தால் மட்டும் போதுமா? இவர் எந்திரம் பேசுவது அவர் எந்திரத்துக்குப் புரிய வேண்டுமே! அனைத்துலகத் தொலைத்தொடர்பு அமைப்பு இதற்குப் பொது விதிகளை வகுத்தது. 1968-இல் முதல் வகுப்பு. பக்கத்துக்கு 6 நிமிடம். 1976-இல் இரண்டாம் வகுப்பு, 3 நிமிடம். 1980-இல் மூன்றாம் வகுப்பு. ஒரு நிமிடத்துக்கும் குறைவு. இந்த மூன்றாம் வகுப்புதான் உலகை வென்றது. விதி எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆகவே யார் செய்த எந்திரமும் யாருடைய எந்திரத்தோடும் பேசியது.

எப்படிப் பேசும் என்கிறீர்களா? காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது போலத்தான். கூப்பிடுகிற எந்திரம், "நான் பேக்ஸ், மனுசன் இல்லை" என்று விட்டு விட்டு ஒரு கூவல் ஒலி கொடுக்கும். எடுக்கிற எந்திரம், "இருக்கேன்" என்று வேறொரு கூவல் கொடுக்கும். பிறகு, தன்னால் என்ன வேகத்தில் வாங்க முடியும் என்று தெரிவிக்கும். இவர் ஒரு வேகத்தைச் சோதித்துப் பார்ப்பார். கம்பி சரியில்லை என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்வார். பக்கம் போய்ச் சேர்ந்ததும், "வந்திருச்சு" என்ற பதில் வரும். அந்தப் பதிலைத்தான் அனுப்பியதற்கு அத்தாட்சியாக அச்சடித்து ஆபீஸ்களில் கோப்பில் வைத்தார்கள்.

இன்னொரு கணக்கையும் மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். மூன்றாம் வகுப்பில் ஒரு வரிக்கு 1728 புள்ளிகள். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரி. ஆக ஒரு பக்கத்தில் சுமார் 1143 வரிகள். மொத்தம் ஏறக்குறைய 20 லட்சம் புள்ளிகள். வினாடிக்கு 9600 என்ற வேகத்தில் புள்ளி புள்ளியாக அனுப்பினால் கிட்டத்தட்ட மூன்றரை நிமிடம் பிடிக்கும். அப்படியானால் ஒரு நிமிடத்துக்குள் எப்படிப் போகிறது?

அங்கேதான் புத்தி வேலை செய்கிறது. வெட்டையாகக் கிடக்கும் நிரையைப் பார்க்கிற கங்காணி, "இந்த இடத்தில் மரமில்லை, இந்த இடத்திலும் மரமில்லை" என்று ஆயிரம் தடவை எழுதுவாரா? "நிரை முழுக்கக் காலி" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். தொலைநகலும் அதைத்தான் செய்கிறது. எதுவும் எழுதாத ஒரு வரியின் 1728 வெள்ளைப் புள்ளிகளையும், வரி முடிவுக் குறி நீங்கலாக, வெறும் 17 இலக்கங்களில் சொல்லிவிடுகிறது. தாளில் எழுத்து கொஞ்சம், வெற்றிடம் அதிகம். ஆகவே நேரம் மிச்சம்.

கணினி கற்றுக்கொண்ட பாடம்

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் மேசைக் கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆபீஸ் மேசைகளில் கணினி ஒரு பக்கம், பேக்ஸ் எந்திரம் ஒரு பக்கம் என்று உட்கார்ந்தன. ஆனால் நடந்த கூத்தைப் பாருங்கள்! கணினியில் கடிதத்தை அடித்து, அதைத் தாளில் அச்செடுத்து, எழுந்து போய் அந்தத் தாளை பேக்ஸ் எந்திரத்தில் நுழைப்பார்கள். அந்த எந்திரம் அதை மறுபடி புள்ளிகளாக மாற்றி அனுப்பும். கணினிக்குள் ஏற்கெனவே புள்ளிகளாக ஆகக்கூடிய ஒன்றைத் தாளாக்கி, தாளைத் திரும்பவும் புள்ளியாக்குவது சுற்று வேலைதானே?

1985-இல் அமெரிக்காவின் காமாலிங்க் நிறுவனம் இந்தச் சுற்றை அறுத்தது. ஹாங்க் மக்னஸ்கி என்ற அறிஞரும் அவருடைய கூட்டாளியும் நடத்திய நிறுவனம் அது. கணினியின் வயிற்றுக்குள் செருகும் ஓர் அட்டையை அவர்கள் செய்தார்கள். 'காமாபேக்ஸ்' என்று அதற்குப் பெயர். அதைச் செருகித் தொலைபேசிக் கம்பியை மாட்டினால் கணினியே பேக்ஸ் எந்திரமாகிவிடும். மூன்றாம் வகுப்பு விதி எல்லோருக்கும் பொதுவாக இருந்ததால், மறுமுனையில் இருப்பது எந்திரமா கணினியா என்று யாருக்கும் தெரியவே வேண்டியதில்லை.

1990-இல் கனடா நாட்டின் டொரண்டோவிலிருந்த டெல்ரினா நிறுவனம் 'வின்பேக்ஸ்' என்ற மென்பொருளைக் கொண்டுவந்தது. அதன் சூட்சுமம் எளிமையானது. அது கணினியிடம், "நானும் ஒரு அச்சுப்பொறிதான்" என்று சொல்லிக்கொள்ளும். நீங்கள் கடிதத்தை எழுதி முடித்து 'அச்சிடு' என்று கட்டளை கொடுத்தால், தாளில் விழவேண்டிய பக்கத்தை அது வாங்கிப் புள்ளிப் படமாக்கி, எண்ணைச் சுழற்றி, மோடம் வழியே அனுப்பிவிடும். விலை குறைந்த பேக்ஸ் மோடங்களும் சந்தைக்கு வந்தன. 1995-இல் வந்த விண்டோஸ் 95-இலும் பேக்ஸ் அனுப்பும் வசதி சேர்ந்தே வந்தது.

வாங்குவதிலும் வசதி இருந்தது. பழைய எந்திரங்கள் பல, சூடுபட்டால் கருக்கும் சுருள் தாளில் அச்சிட்டன. அந்தத் தாள் வெயிலிலும் வெக்கையிலும் நாளடைவில் மங்கிப்போகும். முக்கியமான பத்திரம் வெறும் தாளாகிவிடும். கணினி வாங்கிய பேக்ஸோ கோப்பாகச் சேர்ந்தது. திரையில் பார்க்கலாம், வேண்டியதை மட்டும் நல்ல தாளில் அச்சிடலாம்.

குறையும் இல்லாமலில்லை. இரவில் வரும் பேக்ஸை வாங்கக் கணினி விடிய விடிய விழித்திருக்க வேண்டும். கையால் எழுதிய தாளையும், பிறப்புப் பத்திரத்தையும் அனுப்ப வேண்டுமானால் தனியாக ஸ்கேனர் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், கையெழுத்தைப் படமாக்கிக் கணினியில் வைத்தால், ஆள் இல்லாமலே அவர் கையெழுத்தைக் கடிதத்தில் ஒட்டிவிடலாம். அன்று பாரிஸ் வங்கிக்காரர் எதைச் சோதிக்கத் தொலைநகலை நாடினாரோ, அதையே ஐயப்படும்படி ஆயிற்று. பெற்றோர்களே, உங்கள் கையெழுத்தும் அடையாளக் கார்டின் படமும் யார் கைப்பேசியில் கிடக்கின்றன என்று இன்றைக்கும் கவனமாக இருங்கள்.

தமிழுக்குக் கிடைத்தது பாதி

இனி நம் மொழிக்கு வருவோம். 1990-களில் தமிழ் அறிந்த கணினிகள் இங்கும் சிங்கப்பூரிலும் தமிழகத்திலும் பெருகின. ஆனால் ஒவ்வொரு எழுத்துரு செய்தவரும் தமக்கென ஒரு குறியீட்டை வைத்துக்கொண்டார். இவர் 'அ' என்று அடித்ததை அவர் கணினி வேறெதுவாகவோ காட்டும். மின்னஞ்சலில் தமிழில் எழுதினால், அதே எழுத்துரு இல்லாதவருக்குப் புரியாத குறிகள்தான் கிட்டும்.

அப்போது பேக்ஸ் கைகொடுத்தது. கணினியில் தமிழில் அடித்த பக்கத்தை பேக்ஸாக அனுப்பினால் அது படமாகப் போகும். வாங்குகிறவரிடம் தமிழ் எழுத்துரு இருக்க வேண்டியதில்லை. கணினிகூட இருக்க வேண்டியதில்லை. தாளில் சுத்தமான தமிழ் இறங்கும். ஒரு தாய் தன் கையால் எழுதிய நாலு வரியும், கிராணி உதவி இல்லாமல், மொழிபெயர்ப்பு இல்லாமல், அவள் எழுத்தாகவே போய்ச் சேரும். தந்தி மறுத்த மரியாதையைத் தொலைநகல் கொடுத்தது.

ஆனால் கொஞ்சம் பொறுங்க, மாணவர்களே. இங்கேதான் நாம் ஊன்றிச் சிந்திக்க வேண்டும். அந்தக் கணினிக்கு வந்தது தமிழின் படம், தமிழ் வரவில்லை! அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது. ஒரு பிழையைத் திருத்த முடியாது. அகர வரிசையில் அடுக்க முடியாது. 'அம்மா' என்ற சொல்லும், மை கொட்டிய கறையும் அந்தக் கணினிக்கு ஒன்றுதான். இரண்டும் கருப்புப் புள்ளிகள். விருந்தாளியை வாசல் வரை விட்டு, பேச மட்டும் விடாமல் வைத்த கதை இது.

பேச வைக்க என்ன வழி? பேக்ஸ் கற்றுத்தந்த அதே வழி: எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒரே விதி. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியீடு 1991-இல் வெளியானபோதே தமிழுக்கு அதில் இடம் கிடைத்தது. 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும் அறிஞர்கள் கூடித் தமிழ் இணைய மாநாடுகளில் விசைப்பலகை, குறியீடு பற்றி விவாதித்தார்கள். முடிவுக்கு வர ஆண்டுகள் பிடித்தன. ஆனால் இன்று மலேசியாவில் ஒரு பிள்ளை கைப்பேசியில் அடிக்கும் 'அ', மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் 'அ'-வாகவே தெரிகிறது. எழுத்தே போகிறது, படம் போகவில்லை.

இன்றைக்கு என்ன மிச்சம்?

நம் நாட்டில் தந்திச் சேவை 2012 ஜூலை முதல் நாளோடு முடிந்தது. தொலைநகல் இன்னும் முழுவதும் மறையவில்லை. ஜப்பானில் 2021-இல் அரசு அலுவலகங்களில் அதை ஒழிக்க முயன்றபோது நூற்றுக்கணக்கான ஆட்சேபங்கள் வந்து, முயற்சி கைவிடப்பட்டது. தவிர, மருந்துச் சீட்டையும் பள்ளிக் கடிதத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோமே, அதுவும் பெயின் பெற்ற பிள்ளையின் பேரப்பிள்ளைதான்.

மாணவ மணிகளே! படம் அனுப்புவது சுலபம். ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். அதனாலேயே பலர் தமிழில் அடிக்கப் பழகாமல், கிறுக்கிய தாளைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இல்லையேல் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். தந்தி காலத்தில் வேறு வழியில்லாமல் மாட்டிய சட்டையை இன்று வழி இருக்கும்போதும் மாட்டிக்கொள்ளலாமா? தமிழ் விசைப்பலகை உங்கள் கையில் காசில்லாமல் கிடைக்கிறது. பரிசு வாங்கிய பிள்ளையும் வாங்காத பிள்ளையும் இந்த வாரமே அதைப் பழகுங்கள். அம்மா அப்பாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். முதல் செய்தியைப் பாட்டி வீட்டுக்குத் தமிழிலேயே அடித்து அனுப்புங்கள்.